சூசை அண்ணனின் வயிறு

மலேரியாவுக்குக் குயினைன் மருந்து தேடி ஜொகூர் பாருவுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினேன். உலு திராமில் நம் தோட்ட ஆஸ்பத்திரி வாசலிலேயே காவற்காரர் நிறுத்தி, "சூசை காலையில போயிட்டாருலா" என்றார். நம் சமையற்காரர் சூசை அண்ணன். தோட்டத்து ஜனங்களே, உங்கள் எல்லோருக்கும் கஞ்சி ஊற்றியவர். அடக்கத்துக்கு வந்தவர்கள் சிலர்தான். வராதவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

ஜப்பான்காரன் வந்து அரிசி அருகிய பிறகு, மரவள்ளிக்கிழங்கோடு கொஞ்சம் அரிசி போட்டுக் காய்ச்சியதுதான் நோயாளிகளுக்கும் நமக்கும் சாப்பாடு. ஒவ்வொரு தட்டுக்கும் அண்ணன் அகப்பையை அடிவரை விட்டுக் கலக்குவார். வரிசை நகராது. மருந்து கலக்கும் வேலையை விட்டுவிட்டு நான் போய்க் கத்துவேன். "மேலாப்புல மொண்டா முன்னால நிக்கிறவனுக்கு வெறும் தண்ணிதான் தம்பி" என்பார்.

நாமெல்லாம் வெளுத்து எலும்பும் தோலுமானோம். அவருக்கோ தோல் கறுத்து மினுங்கியது, வயிறு முன்னுக்கு வந்தது. அடுப்படியில் இருப்பவருக்கு வயிறு பெருத்தால் வேறென்ன நினைப்போம்? நீங்கள் லயத்து வீடுகளில் முணுமுணுத்தீர்கள். நான் முகத்துக்கு நேரே கேட்டேன்.

"வயிறு என்னோடது தம்பி, கஞ்சி அவங்களோடது. நான் கை வைக்க மாட்டேன்."

நான் நம்பவில்லை. அகப்பையைப் பிடுங்கிக்கொண்டேன். அன்றுமுதல் அவரும் தட்டோடு வரிசையில் நின்றார். அவருக்கு மட்டும் அரை அகப்பைதான் ஊற்றினேன். அதை வாங்கிக்கொண்டு போவார்.

அடக்கத்துக்கு முன், சாவின் காரணம் அறிய டாக்டர் உடலைத் திறந்து பார்த்தபோது பக்கத்தில் நின்றேன். வயிற்றில் கொழுப்பில்லை, தண்ணீர். ஈரல் துரு நிறத்தில் கல்லாக இறுகியிருந்தது. அதில் ஒரு துண்டின்மேல் நான் கலந்து கொடுத்த மருந்துநீரை விட்டார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நீலமானது. இரும்பு இருந்தால்தான் இப்படி நீலமாகும், என்றார். சாப்பாட்டில் வரும் இரும்பைச் சிலருடைய உடம்பு தேவைக்குமேல் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். வருஷக்கணக்காக ஈரலிலும் கணையத்திலும் படிந்து, தோலைக் கறுக்கவைத்து, கடைசியில் வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளுமாம்.

"அப்ப, நிறைய சாப்பிட்டதால இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"இவரா? கையைப் பாருங்க, வெறும் எலும்பு."

அந்தக் கையைத் தினமும் பார்த்தவன்தான் நான். தட்டை நீட்டிக்கொண்டு என் எதிரே நின்ற கை. வெட்கத்தில் எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

அகப்பை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அடிவரை விட்டுக் கலக்குகிறேன். வரிசை நகரவில்லை என்று இப்போது நீங்கள் கத்துகிறீர்கள். இப்படிக் கலக்குவது அவர் எனக்கு விட்டுப்போனது. அவரிடமிருந்து நான் பிடித்து வைத்துக்கொண்டது அந்த மீதி அரை அகப்பை. அதை ஊற்ற இப்போது அவர் தட்டில்லை.