மல்லிகா அக்கா ஏறாத எரிமலை

செய்தி எங்கள் ஹைக்கிங் குழுவின் வாட்ஸ்அப்பில்தான் வந்தது. கலிஃபோர்னியாவின் சன்னிவேலில், இந்தியக் கடையில் பில் போடும் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். "மல்லிகா இன்று காலை தவறிவிட்டாள். ஹார்ட் அட்டாக்" என்று அவருடைய கணவர் செந்தில் அண்ணன் எழுதியிருந்தார். அதற்கு நேர் மேலே, போன வாரம் அக்கா போட்டிருந்த செய்தி அப்படியே நின்றது. "மார்ச்ல எரிமலைக்குப் போலாமுங்களா? எல்லாரும் ஒரு வார்த்தை சொல்லுங்க."

யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. நான் ஒருத்திதான் கட்டைவிரலை உயர்த்தியிருந்தேன். இரங்கல் மட்டும் நான் பில் போட்டு முடிப்பதற்குள் வந்து குவிந்துவிட்டது. வானத்து மலைகளில் அக்கா நடந்துகொண்டிருப்பாராம். அப்படி எழுதியவர் உள்ளூர் மலைக்குக்கூட மூன்று முறைக்கு மேல் வந்ததில்லை.

அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஈரோட்டுக்காரர். சிப் கம்பெனி ஒன்றில் டெஸ்ட் இன்ஜினியர். நான் அந்த டீமில் சேர்ந்த முதல் வாரமே, "உமா, சனிக்கிழமை காலைல வேலை ஒண்ணும் வெச்சுக்காத கண்ணு" என்று சொல்லி, மிஷன் பீக் மலைக்கு இழுத்துக்கொண்டு போனார். பையில் எலுமிச்சை சாதம், எல்லோருக்கும் தண்ணீர், யாருக்காவது கால் பிசகினால் கட்ட ஒரு துணி. குழுவைத் தொடங்கியவர் அவர்தான், ஆனால் ஒருநாளும் முன்னால் நடந்ததில்லை. கடைசியில் மூச்சு வாங்கி வருகிறவரோடுதான் வருவார். ஏன் என்று கேட்டேன். "முன்னாடி போறவங்களுக்கு வழி தெரியும். பின்னாடி வர்றவங்களுக்குத்தான் ஆளு வேணும்" என்றார்.

அவருக்கென்று ஓர் ஆசை இருந்தது என்றால் அது ஃபுயெகோதான். குவாத்தமாலாவில் ஓயாமல் புகைந்து, நெருப்பைத் துப்பிக்கொண்டிருக்கும் எரிமலை. உள்ளூர் வழிகாட்டியோடு அதன் தோள்பட்டை வரை ஏறலாம். ஹவாயில் எரிமலை இருக்கிறதே என்று நான் சொன்னதுண்டு. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்ப்பதற்கு யூடியூப் போதும் என்பார். மத்தேயோ என்ற வழிகாட்டியைத் தேடிப் பிடித்தார். அவரோடு பேசுவதற்காகவே கம்பெனி ஷட்டில் பஸ்ஸில் உட்கார்ந்து ஸ்பானிஷ் படித்தார். எந்த மாதம் மழை இராது, சாம்பல் மண்ணில் எப்படிக் கால் வைப்பது, மலை உறுமினால் எங்கே நிற்பது, எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

போக முடியாததற்குக் காரணம் க்ரீன் கார்டு. அது வரும்வரை நாட்டை விட்டு வெளியே போனால், திரும்பி வரத் தூதரகத்தில் விசா முத்திரை வாங்க வேண்டும். முத்திரை தாமதமானால் வேலை போகும். இங்கே மகளின் படிப்பு என்னாவது? ஈரோட்டில் அவருடைய அப்பா இறந்தபோதும் அந்தப் பயத்தில்தான் போகவில்லை. லேப்டாப் திரையில் தகனத்தைப் பார்த்துவிட்டு, மறுநாள் வேலைக்கு வந்தார். அதன் பிறகு ஒரு சிலர் துணிந்து வெளியே போய்த் திரும்பினார்கள். நீங்களும் எரிமலைக்குப் போய்வாருங்கள் அக்கா என்று வற்புறுத்தினேன். "அப்பனைத் தூக்கறதுக்குப் போகாதவ மலை பார்க்கப் போனான்னு ஊர்ல பேச மாட்டாங்களா? ஊரை விடு, எனக்கே ஒப்பாது" என்றார்.

மகள் நிலா கிண்டர்கார்ட்டனில் இருந்தபோது தொடங்கிய காத்திருப்பு, அவள் காலேஜுக்குப் போன பிறகு முடிந்தது. கார்டு கைக்கு வந்த வாரமே அக்கா வீட்டில் விருந்து. சாப்பிட்டுக் கை கழுவியவர்களிடமெல்லாம் எரிமலைக்கு வருகிறீர்களா என்று கேட்டார். பத்துப் பேருக்கு மேல் வருகிறேன் என்றார்கள். பிரியாணி சாப்பிட்டவன் வேறென்ன சொல்லுவான்?

பிறகு தொடங்கியது வழக்கமான கூத்து. முதல் தேதியில் எங்கள் குழுவிலிருக்கும் ரமேஷின் மகனுக்கு ரோபோட்டிக்ஸ் போட்டி. அடுத்த தேதியில் ஒருவருடைய மாமனார், மாமியார் சென்னையிலிருந்து வந்து இறங்கினார்கள். அதற்கடுத்து யாருக்கோ புதுமனைப் புகுவிழா. தள்ளிப் போடச் சொன்னவர்கள், நாங்கள் இல்லாமல் போய்விடாதீர்கள் என்று செல்லமாக மிரட்டவும் செய்தார்கள். ஒவ்வொரு முறையும் அக்கா மத்தேயோவிடம் மன்னிப்புக் கேட்டு வேறு தேதி வாங்கினார்.

நாம் இரண்டு பேர் மட்டும் போவோம் என்று நான் கெஞ்சினேன். "வர்றேன்னு வாய் திறந்து சொன்னவங்களை விட்டுட்டு எப்படிப் போறது? அடுத்த சீசன் பார்த்துக்கலாம்" என்றார். எனக்கு அவர் மேல்தான் முதலில் கோபம் வந்தது. சொல்லப்போனால் இப்போதும் இருக்கிறது. ஒரே ஓர் ஆசைக்குக்கூட ஊரைக் கூட்டி அனுமதி வாங்கும் இந்தப் பழக்கத்தை நமக்கு யார் கற்றுக்கொடுத்தது?

புது பூட்ஸ் போட்டுக்கொண்டு வராதே, காலைக் கடிக்கும், முன்பே போட்டுப் பழக்கு என்று மத்தேயோ சொல்லியிருந்தார். அதனால் அக்கா அந்தப் பழுப்பு நிறத் தோல் பூட்ஸைக் காய்கறிக் கடைக்கும் போட்டுப் போனார், கோயிலுக்கும் போட்டுப் போனார். பட்டுப்புடவைக்குக் கீழே அது எட்டிப் பார்க்கும். கிண்டல் செய்தால், "ஒரு பக்கம்தான் இன்னும் கடிக்குது, ரெடி ஆயிரும்" என்பார்.

தகனத்தன்று நிலா அதைத்தான் அம்மாவின் காலில் மாட்டி, லேஸை இறுக்கிக் கட்டியிருந்தாள். ரமேஷ் கிட்டே வந்து, தோல் செருப்போடு அனுப்பக்கூடாது, சாஸ்திரத்தில் இல்லை என்று மெதுவாகச் சொன்னார். அம்மா இதை ஒரு வருடம் போட்டுப் பழக்கினார்கள் அங்கிள் என்று நிலா ஆங்கிலத்தில் சொன்னாள். இன்னும் இரண்டு பேர் ரமேஷ் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். செந்தில் அண்ணன் யாரையும் பார்க்காமல் குனிந்து லேஸை அவிழ்த்தார். கடைசியில் அந்தப் பயணத்துக்கும் அவரை விருப்பம்போலப் போகவிடவில்லை.

காரியம் முடிந்த அன்று குழுவில் ரமேஷ் ஒரு யோசனை போட்டார். அக்காவின் நினைவாக எல்லோரும் ஃபுயெகோவுக்குப் போய், அவர் படத்தை மேலே வைத்துவிட்டு வரலாமாம். மாலைக்குள் ஒருவர் பாக்கியில்லாமல் சரி என்றுவிட்டார்கள். எல்லோருக்கும் லீவு கிடைக்கிறது. ரோபோட்டிக்ஸைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கிறது. நான் பதில் எழுதாமல் குழுவிலிருந்து வெளியேறினேன்.

நேற்று அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் அந்த பூட்ஸ் இருந்தது. அடியில் மிஷன் பீக் மண் காய்ந்து ஒட்டியிருந்தது. கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். இரண்டு பக்கமும் நன்றாக இளகிப் பழகியிருந்தது.

போய் வாருங்கள் அக்கா. வெறுங்காலோடுதான் அனுப்பிவிட்டோம், பார்த்து ஏறுங்கள். நின்று நின்று திரும்பிப் பார்க்க வேண்டாம். உங்கள் பின்னால் யாரும் வரவில்லை.