பின்வரிசையில் நின்ற காலம்

கோல் போட்டால் முன்வரிசைக்காரிக்கு மாலை, கோல் வாங்கினால் பின்வரிசைக்காரிக்கு ஏச்சு. எங்கள் தொழிலின் சட்டதிட்டம் மொத்தமும் இவ்வளவுதான்.

ஈப்போவில் சம்பளத்துக்குக் காற்பந்து ஆடிய பெண்கள் அணி ஒன்றில் நான் தற்காப்பு ஆட்டக்காரி. எதிரணிக்காரி பந்தோடு ஓடிவந்தால் குறுக்கே போய் விழுவது என் வேலை. பந்தே தொடாதவர்களுக்கும் இந்தப் பிழைப்பு புரியும். அலுவலகத்தில் அடுத்தவர் தப்பைச் சத்தமில்லாமல் திருத்துகிறவர்கள், வீட்டில் எல்லாரும் படுத்த பிறகு அடுப்பை அணைத்தோமா என்று எழுந்து போய்ப் பார்க்கிறவர்கள் எல்லாம் எங்கள் கட்சிதான். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரே ஒரு தடவை

ஈப்போவில் புந்தோங் பகுதியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே கனி அண்ணனின் சாப்பாட்டுக் கடை. அங்கே உள்ள பெரிய தொலைக்காட்சியில் எப்போதும் வெள்ளைக்காரர்கள் ஆட்டம்தான் ஓடும். ஒரு நாள் வாடிக்கையாளர்களின் முணுமுணுப்பைப் பொருட்படுத்தாமல், நான் ஆடுகிறேன் என்பதற்காகவே எங்கள் ஆட்டத்தைப் போட்டிருக்கிறார். அன்று எதிரணியின் முன்வரிசைக்காரி எங்கே போனாலும் நிழல் மாதிரி கூடவே போனேன். அவள் காலுக்குப் பந்தே போகவில்லை. வர்ணனையாளர் எங்கள் முன்வரிசையைப் புகழ்ந்தார், நடுவரைப் புகழ்ந்தார், மழை விட்டதைக்கூடப் புகழ்ந்தார்.

ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் ஈரப்புல்லில் என் கால் வழுக்கியது. பந்து வலைக்குள் போனது. மறுநாள் தே தாரேக் குடிக்கப் போனேன். கனி அண்ணன் கோப்பையை வைத்துவிட்டு, ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார்: "ஆட்டம் முழுக்க உன் பேர ஒரே ஒரு தடவதாம்மா சொன்னாங்க, ஆனா கடையில உள்ளவங்க அத்தன பேருக்கும் கேட்டுச்சு."

பெண் பார்க்க வந்தார்கள்

மாப்பிள்ளைக்குத் தஞ்சோங் மாலிமில் கார் தொழிற்சாலையில் வேலை. என் கணைக்கால் முழுக்கத் தழும்பு என்பதால், தரையைக் கூட்டுகிற மாதிரி சேலை கட்டச் சொன்னார் அம்மா. கால்மேல் கால் போடக்கூடாது, வேகமாக நடக்கக்கூடாது என்று வேறு உத்தரவு.

மாப்பிள்ளை தங்கமான மனிதர். காற்பந்து பிடிக்கும் என்றார், எந்த இடத்தில் ஆடுகிறீர்கள் என்று கேட்டார். எனக்கு வந்த சந்தோஷத்தில் உத்தரவெல்லாம் மறந்துபோனது. பந்தோடு வருகிறவளை நடுவில் விடாமல் ஓரத்துக்கு எப்படித் தள்ளிக்கொண்டு போவது, நாலு பேரும் ஒரே வரிசையாக எப்போது முன்னேறுவது என்று தேநீர்க் கோப்பைகளை நகர்த்தி நகர்த்திக் காட்டினேன். அடுப்படி வாசலில் நின்று அம்மா கண்ணைக் காட்டியது எனக்குத் தெரியாமல் இல்லை. மனிதர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு நிஜமான கவலையோடு கேட்டார்: "அப்ப நீங்க கோலே போட மாட்டீங்களா?"

யாரும் தொடவில்லை

எத்தனையோ பேர் என்னை உதைத்திருக்கிறார்கள். ஒன்றும் ஆகவில்லை. பயிற்சியின்போது, பக்கத்தில் யாருமே இல்லாதபோது, பந்தைத் துரத்தத் திரும்பினேன். உடம்பு திரும்பியது, பாதம் புல்லிலேயே நின்றுவிட்டது. முருங்கைக் கிளை முறிகிற மாதிரி ஒரு சத்தம். என்னோடு பின்வரிசையில் நிற்கும் நூருல் ஓடிவந்து என் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். என்னைவிட இளையவள், மலாய் வழக்கப்படி அக்கா என்பதற்கு என்னைக் 'காக்' என்று கூப்பிடுவாள். என் முகத்தைவிட அவள் முகத்தில்தான் பயம் அதிகமாக இருந்தது.

முழங்காலைத் திறந்து தைத்தார்கள். நான் கட்டிலில் கிடந்தபோதே கிளப் நிர்வாகம் பெண்கள் அணியைக் கலைத்துவிட்டது. இனி ஆட முடியுமா என்று டாக்டரிடம் கேட்டேன், பார்க்கலாம் என்றார். இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று நம் எல்லாருக்கும் தெரியும். அன்று இரவு தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதேன். அம்மாவோ அதற்குள் வேண்டிக்கொண்டு வந்துவிட்டார். கால் குணமானால் வருகிற தைப்பூசத்துக்கு நான் புந்தோங்கிலிருந்து குனோங் சேரோ மலைக்கோயில்வரை வெறுங்காலோடு பால்குடம் எடுக்க வேண்டும். என் கண்ணைத் துடைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு விஷயத்தை முடித்துவிட்டு வந்த தோரணையில் சொன்னார்: "டாக்டரு தச்சிட்டாரு, மிச்சத்த முருகன் பாத்துக்குவாரு, நான் பேசிட்டேன்."

மாட்டுத் திடல்

கால் ஊன்ற ஆரம்பித்ததும் கோலா கங்சாரில் மாமா வீட்டில் போய்த் தங்கினேன். மாமா, அம்மாவின் தம்பி. அவர் வீட்டுக்குப் பின்னால் பழைய ரப்பர் தோட்டம். கித்தா மரங்களை வெட்டிச் செம்பனை போட்டுவிட்டார்கள், தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார்கள். திடல் மட்டும் யார் கண்ணிலும் படாமல் மிஞ்சியிருந்தது. கோல் கம்பத்தில் மாடு கட்டியிருக்கும். சாணிக்கும் சாணிக்கும் நடுவே வளைந்து வளைந்து ஓடினேன். வளைந்து ஓடிப் பழக எந்தப் பயிற்றுநரும் இவ்வளவு கச்சிதமாகக் கூம்பு வைத்ததில்லை.

அப்போதுதான் நூருல் கூப்பிட்டாள். ஈப்போவில் புதிதாக ஒரு சம்பள அணி வரப்போகிறது, ஆள் எடுக்க ஒரு நாள் தேர்வு வைக்கிறார்கள். முப்பதைத் தொட்டுவிட்ட எனக்கு அதுதான் கடைசி பஸ். அதை விட்டால் பிறகு வேடிக்கை பார்க்கத்தான் திடலுக்குப் போக முடியும். அன்று சாயங்காலம் முதல்முறையாகப் பயமில்லாமல் முழு வேகத்தில் ஓடித் திரும்பினேன். முழங்கால் என் பேச்சைக் கேட்டது. புல்லில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதேன். மாட்டுக்காரர் மெதுவாகப் பக்கத்தில் வந்து நின்றார்: "நல்லாத்தான் ஓடுற தங்கச்சி, ஆனா மாடு மிரண்டா பால் குடுக்காது லா, கொஞ்சம் மெதுவா ஓடு."

நாள் பார்த்தது யார்

தைப்பூசத்துக்கு மறுநாள் காலையில் தேர்வு. நாள் குறித்தவர்களுக்கு இது வெறும் விடுமுறைக்கு அடுத்த நாள். அம்மாவிடம் நயமாகப் பேசிப் பார்த்தேன். வேண்டுதலை அடுத்த வருடம் செய்யலாம், வட்டியாக இரண்டு குடம் எடுக்கிறேன் என்றேன். ஒரு நாள் சண்டையாகவே போட்டேன். அம்மா சத்தம் போடவில்லை, அதுதான் கஷ்டமாகப் போனது.

முன்வரிசைக்காரியாக இருந்திருந்தால் வருவது வரட்டும் என்று தேர்வை மட்டும் பார்த்திருப்பாள். நான் அப்படிப் பழகவில்லையே. பின்னால் நிற்கிறவளுக்கு ஆபத்து எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்ற யோசனைதான் எப்போதும். வேண்டுதலைத் தள்ளிவைத்துத் தேர்வுக்குப் போய், திடலில் முழங்கால் மறுபடி முறிந்தால்? வேண்டுதலை முதலில் முடித்து அந்தப் பக்கத்தையும் அடைத்துவிடலாம் என்று முடிவெடுத்தேன். விடிவதற்குள் கிளம்பினால் தார் ரோடு குளிர்ச்சியாக இருக்கும், வெயில் ஏறுவதற்குள் மலைக்கோயிலில் இருக்கலாம் என்று கணக்குப் போட்டேன். கணக்கில் தப்பே இல்லை. ஆனால் என் மனத்தை முடிவாகத் திருப்பியது அந்தக் கணக்கு அல்ல, அம்மா கேட்ட கேள்வி: "கால் குடுன்னு கேக்கிறப்ப முருகன ராவுல எழுப்பிக் கேட்டேன், குடுத்த பொறவு அடுத்த வருஷம் வாரேன்னு எந்த மொகத்த வச்சிக்கிட்டுடி சொல்றது?"

தாய்மாமன் வருகிறார்

இருட்டிலேயே குளித்து, மஞ்சள் சேலை கட்டி, புந்தோங் கோயில் வாசலில் நின்றேன். தாய்மாமன் கையால்தான் குடத்தைத் தூக்கித் தலையில் வைக்க வேண்டும் என்று அம்மா பிடிவாதம். மாமா கோலா கங்சாரிலிருந்து வர வேண்டும். விடிந்தது, வெயில் வந்தது, காவடிகள் ஒவ்வொன்றாகப் போயின. மாமா குடும்பத்தோடு வந்து இறங்கினார். வழியில் பிள்ளைகளுக்குப் பசி என்று நிறுத்திப் பசியாறிவிட்டு வந்தார்களாம். அவரைக் கோபித்துப் பயனில்லை, அவர் வீட்டுச் சோற்றில்தான் என் முழங்கால் தேறியது.

தார் ரோடு தோசைக்கல். அம்மா என் பக்கத்தில் வெறுங்காலோடு சாதாரணமாக நடந்தார். தோட்டத்தில் வளர்ந்த கால். என் பாதமோ வருடக்கணக்காகக் காலுறைக்குள்ளும் சப்பாத்துக்குள்ளும் இருந்து பச்சைப்பிள்ளை பாதம் மாதிரி ஆகியிருந்தது. ரோட்டில் போட்ட வெள்ளைக் கோடு கொஞ்சம் சூடு குறைவு என்று கண்டுபிடித்தேன். மற்றப் பெண்களும் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ரோட்டுச் சூடு தணியத் தண்ணீர் ஊற்றிய லாரி எங்களுக்கு ரொம்ப முன்னால் போய்விட்டது. தலையில் பால், ஓடவும் முடியாது. எங்களுக்கு முன்னே ஒரு பெரிய காவடி நின்று நின்று ஆடியது. பக்தியில் அழுகிறேன் என்று நினைத்து யாரோ என் முதுகைத் தடவினார்கள்.

மலைக்கோயில் நிழலில் உட்கார்ந்து பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டிலும் கொப்புளம், இரண்டு உடைந்தும் இருந்தன. அம்மா அவற்றைப் பார்த்தார். ஆனால் கையை என் முழங்காலில்தான் வைத்தார்: "இவ்வளவு தூரம் நடந்தும் முட்டி வலிக்கலல்ல? அதான்டி முருகன்."

தேர்வு

மறுநாள் காலையில் பிளாஸ்திரி ஒட்டி, துணி சுற்றி, இரண்டு காலுறை போட்டேன். சப்பாத்து ஏறவில்லை. துணியை அவிழ்த்துவிட்டு மாட்டினேன். எனக்கு எதிராக நிறுத்தியது பள்ளி முடித்து வந்த ஒரு பெண்ணை. அவள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறாள் என்று அவளுக்கு முன்னமே எனக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய? அழுத்தித் தள்ளக் கால் வேண்டுமே. முதல் திருப்பத்திலேயே தோல் உரிந்தது. அவள் என்னைத் தாண்டிப் போனாள், மறுபடியும் தாண்டிப் போனாள். என் முழங்கால் மட்டும் புதிது மாதிரி வேலை செய்தது.

பயிற்றுநர் நல்ல பெண்மணி. காரணத்தைச் சொல்லியிருக்கலாம். ஆனால் தேர்வுக்கு முதல் நாள் வேண்டுமென்றே வெறுங்காலோடு வெயிலில் நடந்தேன் என்று எந்த மொழியில் சொன்னாலும் அது காரணமாகத் தெரியாது. எடுத்தவர்களில் நூருல் இருந்தாள். அவளைக் கட்டிக்கொண்டு வாழ்த்தினேன், மனதாரத்தான். பயிற்றுநர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மலாயில் ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "முட்டி அருமையாகக் குணமாகியிருக்கிறது, காக், காலுக்குத்தான் வயதாகிவிட்டது."

மஞ்சளும் எண்ணெயும்

வீட்டுக்கு வந்ததும் அம்மா என் பாதத்தை மடியில் எடுத்து வைத்து மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் தடவினார். எடுக்கவில்லை என்றேன். பயிற்றுநரைத் திட்டினார், அணியைத் திட்டினார், என் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குள்ளே எல்லாம் முடிந்துபோயிருந்தது. இனி எந்தக் காலையிலும் சப்பாத்து கட்ட வேண்டியதில்லை.

திட்டிக்கொண்டிருந்த அம்மா சட்டென்று நிறுத்தினார். தடவிய கையும் நின்றது. என்னைப் பார்க்காமல் கேட்டார்: "நான் நடக்க வச்சதனாலயாடி?" அவர் இவ்வளவு நேராக வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கால் நல்லாத்தான் இருந்தது, சின்னப் பிள்ளைகளைத்தான் எடுக்கிறார்கள், எனக்கு வயதாகிவிட்டது என்று பயிற்றுநர் வாயாலேயே சொன்னார் என்றேன். ஒன்றுகூடப் பொய் இல்லை, கால் ஒன்றைத் தவிர. அம்மா நீளமாக மூச்சு விட்டார், கை மறுபடி தடவ ஆரம்பித்தது: "நல்லவேள, நான் பயந்தே போயிட்டேன்."

இப்போது கையுறைத் தொழிற்சாலையில் வேலை, ஒவ்வொன்றாக ஊதி ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதைப் படிக்கிற புந்தோங்காரர்கள் தயவுசெய்து அம்மாவிடம் வாயைத் திறக்காதீர்கள். என் ஆட்டக் காலத்திலேயே நான் சுத்தமாகத் தடுத்த பந்து அம்மா கேட்ட அந்த ஒரு கேள்விதான், அதற்கும் யாரும் என் பெயரைச் சொல்லப்போவதில்லை.