டிரைவர் சீட்டை விட்டு இறங்காத சம்மந்தி

என் வீட்டுக்காரர் டோமினிக்கைப் பற்றிச் சொல்லு என்று யார் கேட்டாலும் எனக்கு முதலில் கோபம்தான் வரும். அப்புறம்தான் மற்றதெல்லாம்.

தொண்ணூற்று மூன்றில் விழுப்புரம் டாக்சி ஸ்டாண்டில் முதலாளியின் அம்பாசடரில் ஏறி உட்கார்ந்த மனிதர். பெங்களூரு, திருப்பதி, வேளாங்கண்ணி, ஒரு தடவை பம்பாய் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய்விட்டு வந்தார். வீட்டில் ஒரு குடம் தண்ணீர் எடுத்து வைக்கச் சொன்னால் இடுப்பு வலிக்கும், கால் வலிக்கும். வாசலில் யாராவது வந்து, "மெட்ராஸ் ஏர்போர்ட்டுக்குப் போவணுங்க" என்றால் வலியெல்லாம் போன இடம் தெரியாது. சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டே போய்விடுவார்.

யாருக்கும் இல்லை என்று சொல்லவும் தெரியாது. கோட்டக்குப்பத்து நிஜாமுதீன் பாய் துபாயிலிருந்து வருகிறார், அழைத்து வரவேண்டும் என்று வண்டி பேசினார்கள். பாயின் மனைவி, பிள்ளைகள், மாமியார், மச்சான், பக்கத்து வீட்டு குல்சும் பீவி என்று ஆளாளுக்கு ஏற, இவரும், "இன்னும் ஒருத்தர் உக்காரலாம், வாங்க" என்று ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். மீனம்பாக்கத்தில் பாய் வெளியே வந்து, எல்லோரும் கட்டிப்பிடித்து அழுது முடித்த பிறகுதான் அவருக்கு உட்கார இடமில்லை என்பது தெரிந்ததாம். பெட்டிகளை மேலே கேரியரில் கட்டினார்கள். பாய் பாண்டிச்சேரி பஸ்ஸைப் பிடித்துப் பின்னாலேயே வந்து சேர்ந்தார். அதற்காக யாரும் இவரைக் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த முறை பாய் வந்தபோதும் இவரைத்தான் கூப்பிட்டார்கள்.

இவரிடம் இன்னொரு வியாதி உண்டு. டிரைவர் சீட்டைத் தவிர வேறு எதிலும் உட்காரமாட்டார். பஸ்ஸில் போனால் இடம் காலியாக இருந்தாலும் டிரைவர் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி நிற்பார். நான் அதைத் திமிர் என்றே நினைத்தேன். திமிராக இருந்திருந்தால் தேவலாம்.

எங்கள் மகள் வெனிலாவுக்கு வரன் பார்த்த காலத்தில் இரண்டு இடம் தட்டிப்போனது. ஒரு வீட்டில் முகத்துக்கு நேராகவே, "டிரைவர் பொண்ணா" என்று உதட்டைப் பிதுக்கினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்றாவதாக வந்தது திண்டிவனத்து இடம். மல்லாட்டை மண்டி வைத்து வேர்க்கடலை வியாபாரம் செய்யும் அமலதாஸின் மகன், சகாய பிரவீன். பெண் பார்க்க அவர்கள் வந்த அன்று இவர் யாரையோ ஏற்றிக்கொண்டு பெங்களூரு போய்விட்டார். "டிராவல்ஸ் விஷயமா வெளியூரு போயிருக்காருங்க" என்று சொன்னேன். அதில் என்ன பொய் இருக்கிறது? வெனிலாவுக்குப் பையனைப் பிடித்துப் போயிற்று. அதிலிருந்து திண்டிவனம் என்று போர்டு போட்ட பஸ்ஸைப் பார்த்தாலே தானாகச் சிரித்தாள். இந்த இடமும் தட்டிப்போனால் அவள் முகத்தில் விழிக்க என்னால் முடியாது.

அடுத்தது நாங்கள் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகவேண்டும். முறைப்படி வாசலில் நிற்க வைத்து, சம்மந்திக்கு மாலை போட்டு உள்ளே அழைப்பார்கள். கூட்டம் வேண்டாம், முதலில் நாங்கள் இருவர் மட்டும் போவது என்று முடிவு செய்தோம். நான் ஒரே பிடியாக நின்றேன்.

"இன்னிக்கு ஒரு நாளாவது நீங்க பின்னாடி உக்காந்து வரணும். அந்தோணிசாமி வண்டி ஓட்டட்டும்."

"நானே ஓட்டினு வந்துடறேனே, செல்வி. இங்கீற திண்டிவனம்."

"சம்மந்தி காரோட்டிக்கினு போய் எறங்கினா நல்லாவா இருக்கும்?"

அந்தோணிசாமி இவரோடு ஸ்டாண்டில் இருப்பவர். சொந்தமாக இண்டிகா கார் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, முறுக்கிவிட்ட மீசையோடு நேராக வந்துவிட்டார். இவருக்கு நான் பட்டுச்சட்டை வாங்கி வைத்திருந்தேன். முன் சீட்டில் பழத்தட்டும் ஸ்வீட் பெட்டியும் சரியாமல் பெல்ட் போட்டு வைத்தோம். நாங்கள் இருவரும் பின்னால் ஏறினோம். என் வீட்டுக்காரர் ராஜா மாதிரி இருந்தார், முண்டியம்பாக்கம் வரைக்கும்.

அதற்குள்ளேயே வலது காலால் தரையை அழுத்தி அழுத்தி இல்லாத பிரேக்கைப் போட்டுக்கொண்டிருந்தார். விக்கிரவாண்டியில் முகம் வெளிறிவிட்டது.

"செல்வி, ஒரு மாதிரியா கீது."

"பேசாம வாங்க. எல்லாம் டிராமா."

டிராமா இல்லை. கூட்டேரிப்பட்டு வருவதற்குள் காலையில் சாப்பிட்ட இட்லி முழுவதும் பட்டுச்சட்டை மேல் வந்துவிட்டது. ஒரு டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தினோம். அந்தோணிசாமி வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"இன்னாண்ணே, பம்பாய் போய் வந்த ஆளு. விக்கிரவாண்டி தாண்ட முடியலயே."

"பின்னாடி உக்காந்தா எப்பவுமே இப்டிதான் தம்பி. யாராண்டயும் சொல்லிடாத. ஸ்டீரிங்க குடு, சரியாப் பூடும்."

நான் இடிந்துபோனேன். இத்தனை வருஷக் குடித்தனத்தில் இப்போதுதான் தெரிகிறது. குழாயடியில் கழுவிவிட்டு, மாற்றுச்சட்டை இல்லாமல் டிக்கியில் கிடந்த அந்தோணிசாமியின் காக்கிச்சட்டையை மாட்டிக்கொண்டார். ஸ்டீரிங்கில் கை வைத்ததுதான் தாமதம், முகம் தெளிந்து விசிலடிக்க ஆரம்பித்துவிட்டார். முன் சீட்டில் பழம் உட்கார்ந்திருந்ததால் அந்தோணிசாமி பின்னால் ஏறினார்.

மாப்பிள்ளை வீட்டு வாசலில் வண்டி நின்றதும் பெண்கள் வந்து என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். இவர் பின்னாலேயே வருவார் என்று நான் நினைத்தேன். அதற்கப்புறம் நடந்தது அந்தோணிசாமி சொல்லித் தெரிந்ததுதான்.

அமலதாஸ் பின் கதவைத் திறந்து, வெள்ளை வேட்டியையும் மீசையையும் பார்த்து, "வாங்க சம்மந்தி" என்று பெரிய ரோஜா மாலையை அந்தோணிசாமி கழுத்தில் போட்டுவிட்டார். முன்னால் காக்கிச்சட்டையில் இருந்தவரிடம், "டிரைவர் தம்பி, வண்டிய அந்த வேப்பமரத்தாண்ட போட்டுட்டு கொல்லப்பக்கம் போங்க, சாப்பாடு குடுப்பாங்க" என்றார்.

உலகத்தில் வேறு எந்த மனிதனாக இருந்தாலும், நான்தான் பெண்ணின் அப்பா என்று சொல்லியிருப்பான். இவர் என்ன செய்தார் தெரியுமா? "சரிங்க" என்றார். வண்டியை வேப்பமரத்தடியில் போட்டார். கொல்லைப்பக்கம் போனார். பழக்க தோஷமாம்.

நான் கூடத்துக்கு வந்து பார்க்கிறேன், சோபா நடுவில் மாலையும் சந்தனமுமாக அந்தோணிசாமி உட்கார்ந்திருக்கிறார். வாயில் லட்டு.

"எங்கய்யா எங்க வீட்டுக்காரரு?"

அந்தோணிசாமி லட்டை விழுங்கினார். "சொல்லலான்னுதான் அண்ணி வாயத் தொறந்தேன். தொறக்க தொறக்க ஏதாச்சும் ஊட்டிடறாங்க."

அமலதாஸ் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப இவரு?"

"இவரு டிரைவருங்க. வண்டி ஓட்டினு வந்தவருதான் பொண்ணோட அப்பா." கோபத்தில் நாக்கு நிற்கவில்லை. "அவரும் டிரைவருதான்."

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. வெனிலாவின் சிரிப்புதான் கண்முன் வந்தது. அமலதாஸ் கொல்லைப்பக்கம் ஓட, நாங்கள் எல்லோரும் பின்னாலேயே ஓடினோம்.

அங்கே இவர் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் கரண்டியோடு நின்றது யார்? மாப்பிள்ளைப் பையன். நாங்கள் வந்து நின்றது இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

"அண்ணே, பொண்ணோட அப்பா எப்டி, கோவக்காரரா?" என்று பையன் விசாரித்தான்.

"அந்த ஆளு ஒண்ணும் பண்ண மாட்டாரு தம்பி. வூட்டம்மாதான் கொஞ்சம்."

"ரொம்ப பேஜாரா?"

"போவப் போவ பழகிடும்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இவர் திரும்பி என்னைப் பார்த்தார். தட்டோடு எழுந்து நின்றார். "நான்தான் தம்பி பொண்ணோட அப்பா" என்றார். பையன் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

இவர் அமலதாஸைப் பார்த்துப் பேசினார். "எத்தினியோ விசேஷ வூட்டுக்கு ஓட்டினு போயிருக்கேங்க. எல்லாரும் சாப்ட்டு மிச்சம் இருந்தாதான் டிரைவரக் கூப்புடுவாங்க. இந்தத் தம்பி நான் கேக்காமயே ரெண்டாந்தடவ கறி வெச்சுது. எம்பொண்ணு இந்த வூட்ல நல்லா இருக்கும். எனக்கு சம்மதம். டிரைவர் சம்மந்தி உங்களுக்கு சம்மதமான்னு நீங்கதான் சொல்லணும்."

அமலதாஸ் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அது கெடக்கட்டுங்க. மாலைய மாத்திப் போட்டுட்டனே, கோச்சிக்கினு எழுந்து போய்டாதீங்க. ஊரு சிரிக்கும்."

அப்படித்தான் வெனிலாவின் கல்யாணம் முடிவானது. அந்தோணிசாமி மாலையைக் கழற்றி இவரிடம் நீட்டினார். ஒருத்தர் போட்ட மாலையை இன்னொருத்தருக்குப் போடக்கூடாது என்று அமலதாஸ் மனைவி தடுத்துவிட்டார். திரும்பும்போது இவர் ஓட்ட, அந்தோணிசாமி பின்னால் மாலையோடு தூங்கிக்கொண்டு வந்தார். நான் பழத்தட்டு இருந்த இடத்தில் உட்கார்ந்து விழுப்புரம் வரைக்கும் இவரோடு பேசவில்லை. நான் ஆசைப்பட்டது ஒரே ஒரு மாலை, அதுவும் இவர் கழுத்தில் இல்லை.

கல்யாணத்தன்று யார் சொல்லியும் கேட்காமல் பெண் வண்டியை இவரே ஓட்டினார். நானும் வெனிலாவும் பின்னால் இருந்தோம். திண்டிவனத்தில் மண்டப வாசலுக்குப் போனால், அமலதாஸ் ஒரு கூடை மாலையோடு நிற்கிறார். வருகிற வண்டியில் இருந்து யார் இறங்கினாலும் ஒரு மாலை. வேன் டிரைவருக்கு மாலை. தண்ணீர் லாரிக்காரர் கழுத்தில்கூட மாலை. அந்த ஆள் மிரண்டுபோய் நின்றார்.

"எதுக்கும் இருக்கட்டும்மா. எந்த வண்டியில எந்த சொந்தம் வருதுன்னு எனக்கு இன்னா தெரியும்" என்றார் அமலதாஸ் என்னிடம். இவருக்கென்று எடுத்து வைத்திருந்த பெரிய மாலையோடு முன் கதவுப் பக்கம் வந்தார்.

இவர் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி, இரண்டு கையும் ஸ்டீரிங்கில் இருக்க, கழுத்தை மட்டும் வெளியே நீட்டினார். அமலதாஸ் மாலையைப் போட்டார்.

இறங்கி வாங்கிக்கொண்டால் என்ன குறைந்துவிடும் இந்த மனிதருக்கு? திட்டத்தான் வாயெடுத்தேன், அழுகை வந்துவிட்டது. வெனிலாவின் புதுப் புடவை முந்தானையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"நீங்க ரெண்டு பேரும் எறங்கிப் போங்க செல்வி" என்றார், மாலையைத் தாண்டி எட்டிப் பார்த்து. "நான் வண்டிய அந்தாண்ட போட்டுட்டு வர்றேன்."