பெரிய திரையில் என் இரண்டு கைகள்

பதினொரு நிமிடப் படம் ஒன்றை ஏழு வயது மகளுக்குக் காட்டலாமா, கூடாதா? படம் வெளிவந்து நான்கு மாதமாகிறது. எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை.

படத்தை எடுத்தவர், நாங்கள் குடியேறியிருக்கும் லின்ஃபீல்டில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. பிலிப்பைன்ஸ் நாட்டவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அக்கா என்றே கூப்பிடுகிறேன். மணிலாவில் பதினான்கு வருடம் ஒரு ஸ்டூடியோவில் வெளிநாட்டுக் கார்ட்டூன்களுக்கு வரைந்தவர். முயல் குதிக்கத் தொடங்கும் படத்தையும் தரையில் இறங்கும் படத்தையும் வேறு யாரோ வரைந்து அனுப்புவார்களாம். நடுவில் வரவேண்டிய அத்தனை படங்களும் இவருடைய வேலை. பெயர் மட்டும் எங்கும் வராது. இங்கே வாரத்தில் நான்கு நாள் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். மிச்ச மூன்று நாளும் கராஜில் தனியாக இருந்து சொந்தப் படம் வரைகிறார். பெரியவர்களுக்கான படங்கள் மட்டும்தான். ஏன் என்று கேட்டால், "முயல்களுக்குச் செய்ய வேண்டியதை எல்லாம் செய்து முடித்துவிட்டேன்" என்பார்.

அவருடைய முதல் படத்தில் ஒரு கிழவர் சாகிறார். வரைந்த படம்தானே என்று பிள்ளைகளோடு வந்த குடும்பம் ஒன்று பாதியில் எழுந்து, திட்டிக்கொண்டே போனதாம். அதற்குப் பிறகு போஸ்டரில் 'சிறுவர்களுக்கு அல்ல' என்று தன் கையாலேயே பெரிதாக எழுதிவிடுகிறார்.

மூன்றாவது படத்துக்கு என் கைகளைக் கேட்டார். ஆறு வருடம் வெளிநாட்டில் பிறர் பிள்ளைகளை வளர்த்துவிட்டு ஊர் திரும்புகிற ஒரு தாயின் கதை. சொந்த மகள் அவளிடம் ஒட்டவில்லை. தாய் அவளுக்குத் தலை இழுத்துப் பின்னுகிறாள். நான் என் மகளுக்குப் பின்னுவதை வீடியோ எடுத்து, அதைப் பார்த்து வரைய வேண்டுமாம்.

எனக்குப் பயம். கணவரிடம் கேட்டேன்.

"நீர் என்ன நடிக்கவே போறீர்? கையைத்தானே கேக்கிறா, குடுமன்" என்றார்.

அன்று காலை தேசிக்காய்ப் பாதியால் விரல்களைத் தேய்த்து மஞ்சள் கறையைப் போக்கினேன். நகம் வெட்டிப் பூச்சுப் பூசி, கலியாணக் காப்புகளையும் போட்டுக்கொண்டு போனேன். வீடியோ எடுக்கப்போகிறார்கள் என்றால் வேறு எப்படிப் போவது? அக்கா என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது கல்யாண வீட்டுக்குப் போகிற கை. வேலி மேலால் எனக்குக் கறி நீட்டினாயே, அந்தக் கை வேண்டும். போய்ச் சமைத்துவிட்டு வா."

வெட்கத்தோடு திரும்பிப் போய், பூச்சை அழித்து, கத்தரிக்காய்க் கறி வைத்து, சட்டி கழுவிவிட்டு மறுபடி வந்தேன். மகள் பிஸ்கட் தின்றபடி ஸ்டூலில் இருந்தாள். நான் பின்னினேன். ஒவ்வொரு அசைவையும் நாலைந்து தடவை எடுத்தார்.

பிறகு மகளை வீட்டுக்கு அனுப்பச் சொன்னார். கதையில் ஓரிடத்தில் அந்தப் பிள்ளை தலையை வெடுக்கென்று இழுக்கும், தாய் அடித்துவிடுவாள். தலையணையில் அடித்துக் காட்டச் சொன்னார். அடித்தேன். அதை மட்டும் அவர் ஒரே தடவைதான் எடுத்தார்.

அந்த அடி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அதற்கு முந்தைய வருடம், பாலர் பள்ளிக்குப் பிந்திவிட்ட ஒரு காலையில், சிக்கு எடுக்கும்போது மகள் திமிறினாள். தோளில் அடித்துவிட்டேன். ஒரே ஒரு முறைதான். யாரிடமும் சொல்லவில்லை. அக்காவின் கராஜுக்கும் எங்கள் ஜன்னலுக்கும் இடையில் ஒரு பலகை வேலிதான் இருக்கிறது. அவருக்குக் கேட்டதா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

படம் முடிய இரண்டரை வருடம் ஆனது. ஒரு ஞாயிறு மத்தியானம் சிட்டியில் ஒரு சின்னத் தியேட்டரில் காட்டினார்கள். திரையில் என் கைகள் கதவு உயரத்துக்கு வந்தன. ஆள்காட்டி விரல் நகத்தில் மஞ்சள் கூட இருந்தது. அந்த அடியும் விழுந்தது. அடித்த கை என்ன செய்வதென்று தெரியாமல் அந்தரத்தில் நிற்கிறது. பிறகு மெல்ல இறங்கி, பிள்ளையின் தலைக்கு அருகில் வந்து, தொடாமல் காத்திருக்கிறது. பிள்ளை தானாகத் தலையைச் சாய்க்கும்வரை அது அசையவேயில்லை. அதை நான் செய்து காட்டவில்லை. அது அக்கா தானாக வரைந்தது.

கடைசியில் முழுத் திரையிலும் அவர் பெயர் வந்தது. அடுத்து 'கைகள்' என்று போட்டு என் பெயர். காலை ஷிஃப்ட் முடிந்து வேலைச் சப்பாத்தோடு நேரே வந்திருந்த அக்கா மேடையில் நின்றார். சனம் எழுந்து கைதட்டியது. அவர் என்னையும் மேலே இழுத்து என் கையை உயர்த்திப் பிடித்தார். பட்டம் வாங்கிய அன்றுகூட எனக்கு அப்படிப் பூரிப்பாக இருக்கவில்லை. அடுத்த வாரம் சான்ட்ரிங்ஹாம் மரக்கறிக் கடையில் வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த, முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடமும் சொன்னேன். "கார்ட்டூனா? அப்ப பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போகலாம்ல?" என்று அவர் கேட்டார். நான் மழுப்பிவிட்டு வந்தேன்.

மகள் விடுவதாக இல்லை. "அது மை ஹெயார், அம்மா. வை காண்ட் ஐ சீ இட்?"

அக்காவைக் கேட்டேன். "என் விதி போஸ்டருக்குத்தான். உன் வீட்டுக்கு நான் விதி போடமாட்டேன்" என்று சொல்லி, படத்தை ஒரு பென் டிரைவில் போட்டுத் தந்தார். கணவரிடம் மகளை அடித்த அந்தக் காலையைப் பற்றி இப்போதுதான் சொன்னேன்.

"அவளுக்கு ஞாபகம் இருக்காது. காட்டும்."

இருக்காது என்று எனக்கு நிச்சயமில்லை. நினைவிருந்தால், அதை ஊருக்கெல்லாம் காட்டிவிட்டு அவளிடம் மட்டும் மறைத்தவள் நான். நினைவில்லை என்றால், நானே நினைவூட்டப் போகிறேன்.

இதை வாசிக்கிற தாய்மாரைத்தான் கேட்கிறேன். முதலில் அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் படத்தைக் காட்டுவதா, காட்டிவிட்டு அவளாகக் கேட்கும்வரை பொறுப்பதா? இன்னும் சில வருடம் தள்ளிப்போடலாமா? உங்கள் வீட்டில் இப்படி ஒன்று நடந்திருந்தால், பிள்ளையிடம் என்ன சொன்னீர்கள் என்று எழுதுங்கள். இந்தப் பள்ளி விடுமுறைக்குள் முடிவு சொல்வதாக அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.