கத்தரி பிடிக்கிற கை

அவர் கம்பி இறுக்கும் பிரடையை முறுக்கிய விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. கண்ணை மூடி, காதைச் சாய்த்து, எங்கள் மேசையில் கிடந்த கிடாரின் ஆறு கம்பிகளையும் ச, ப, ச என்று தம்புராவைப் போலச் சேர்த்தார் வித்வான். மயிலாப்பூரில் எங்கள் தையற்கடைக்கு மேலே மாடியில் குடியிருந்தவர். அவரை யாரும் கேட்கவில்லை. கிடாருக்குச் சொந்தக்காரரான பாய் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போயிருந்தார். பக்கத்தில் காஜா எடுத்துக்கொண்டிருந்த நான் வாயைத் திறக்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன்; அவருக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிடப் போகிறது?

பாயும் நானும் ஒரே வயது, ஒரே மேசையில் வேலை. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊர் காலியானபோது, எங்களிடம் கால்சட்டை தைத்துக்கொள்ளும் பேண்டு வாத்தியக்காரர் ஒருவர் அந்தக் கிடாரையும், விரல் வைக்கும் இடங்களைப் புள்ளியிட்டு வரைந்த தாளையும் பாயிடம் கொடுத்துவிட்டுப் போனார். மூன்றே கார்டு, அதாவது சுரக் கூட்டு. ச, க, ப மூன்றும் சேர்ந்து ஒலித்தால் ஒன்று. அதே அமைப்பை ம-வில் தொடங்கினால் இரண்டாவது, ப-வில் தொடங்கினால் மூன்றாவது. க-வை மட்டும் தண்டின் குறுக்கே பதித்த மெட்டுகளில் ஒன்று இறக்கினால் சோகம் வந்துவிடும். இவ்வளவுதான் சங்கதி. விரல் நுனி கன்றிப்போக மூன்று மாதம் பழகினார் பாய். ஞாயிற்றுக்கிழமை வந்து வாசித்துக் காட்டச் சொல்லித் தி.நகர் நாடகக் குழு ஒன்று ஆள் அனுப்பியிருந்தது.

தொழுகை முடிந்து வந்தவரிடம், வித்வானே சுருதி சேர்த்தார் என்று பெருமையாக வேறு சொன்னேன். பாய் தாளில் உள்ளபடி விரல் வைத்தார். நாராசம். மெட்டுக்கு ஒட்டி அழுத்தினார், ஒவ்வொரு கம்பியாகத் தட்டிப் பார்த்தார். கம்பியைத் தளர்த்தட்டுமா என்று கேட்டபோது, பெரியவர் கை வைத்ததைத் தொடக் கூடாதென்று தடுத்தவனும் நான்தான். அவர் கோபித்துக்கொண்டால் என்ன ஆவது என்ற பயம்.

சனிக்கிழமை காலை ஜிப்பா வாங்க இறங்கி வந்த வித்வான், பாய் வாசிப்பதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"கத்தரி பிடிக்கற கைக்கு இதெல்லாம் வருமோ? உம்ம வேலையைப் பாரும்."

பாய் கிடாரை லைனிங் துணியில் சுற்றத் தொடங்கினார். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். அந்தப் புள்ளிகள் வித்வான் மாற்றுவதற்கு முன் இருந்த பழைய சுருதிக்குப் போட்டவை, கை மேல் தப்பில்லை என்று உளறிக் கொட்டினேன்.

"இத்த நேத்தே சொல்றதுக்கு இன்னா நைனா?" என்றார் பாய்.

ஐந்தாம் மெட்டில் அழுத்தினால் அடுத்த கம்பியின் ஒலி வர வேண்டும். ஓரிடத்தில் மட்டும் நான்காம் மெட்டு. அப்படியே ஆறையும் திரும்பச் சேர்த்தார். விரல் வைத்தார். கடை முழுக்க நாதம் நிறைந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். தான் சேர்த்துக் கொடுத்த சுருதியின் பலன் என்று வித்வான் தெருவெல்லாம் சொன்னார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்; இதைத்தான் தாங்க முடியவில்லை. இத்தனை வருஷம் ஆன பிறகும், ஒவ்வொரு முறை வாசித்து முடித்ததும் கைதட்டல் அடங்குவதற்குள் பாய் என் பக்கம் திரும்பி, தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே கேட்கிறார்: "சரியா கீதா, நைனா?"