சேவியரைத் தோற்கடிக்க நான் தேர்ந்த விதிப்புத்தகம்

பொம்மைப் படைகளை மேசையில் நிறுத்திப் பழைய போர்களை ஆடும் நாங்கள் ஆறு பேர், ஞாயிறுதோறும் வில்லியனூரில் கூடுவோம். ஒருமுறை நான் தோற்றபோது, “உனக்கு பொம்மைக்குப் பெயிண்ட் அடிக்கத்தான்டா வரும்” என்று சேவியர் எல்லார் முன்னாலும் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

பிறகு ஒரு பெரிய போருக்கு விதிப்புத்தகம் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. சேவியர் எப்போதும் தன் தளபதியைக் குதிரைப்படையின் முன்வரிசையில் வைப்பான். அதனால், தளபதி விழுந்தால் மொத்தப் படையும் சிதறும் என்ற விதியுள்ள புத்தகத்தை வேண்டுமென்றே எடுத்தேன்.

ஒரு மணி நேரத்தில் அவன் படை கலைந்தது. அவன் முகம் வாடுவதைப் பார்க்கக் காத்திருந்தேன். அவனோ என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

“இன்னா புக்குடா இது! நெஜப் போரு மாதிரியே இருக்கு. இனிமே நீயே செலக்ட் பண்ணுப்பா.”

நான் பழிவாங்கியதே அவனுக்குத் தெரியவில்லை. சொல்லவும் எனக்குத் துணிவில்லை. ஜெயித்த அன்றுதான் முதல்முறையாக என்னை எனக்கே பிடிக்காமல் போனது.