அக்கா வராத நகைக்கடை

எங்கள் அக்கா கண் மூடி ஒரு வருடம் நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களுமாகிய நீங்கள் அவரைப் பற்றி நல்லதையே வாசிக்க விரும்புவீர்கள். நல்லது நிறைய உண்டு. அதோடு நான் செய்த தப்பு ஒன்றும் உண்டு. அதை மறைத்து எழுத எனக்குக் கை வரவில்லை.

எங்கள் மலையில் நாடு என்றால் சில ஊர்கள் சேர்ந்தது. அதில் குண்டூர் நாட்டில் எங்கள் வீட்டுக்கு மூத்தவராகப் பிறந்தார் அக்கா. அம்மா மரவள்ளிக் காட்டுக்குப் போனால் என்னை இடுப்பில் சுமந்தவர் அவர்தான். எடப்புளி நாட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போய், மாமாவோடு சேர்ந்து கல்லும் மேடுமாய்க் கிடந்த நிலத்தைத் திருத்தி மிளகுக்கொடி வைத்தார். பிள்ளை இல்லை. என் மகளையே தன் மகளாகப் பார்த்துக்கொண்டார்.

நகை எடுப்பதில் அக்காவை அடிச்சுக்க ஆள் கிடையாது. எங்கள் பக்கம் யார் வீட்டுக் கல்யாணமானாலும், மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் இருக்கும் பாய் நகைக்கடைக்கு அவரைத்தான் முன்னால் விட்டுக் கூட்டிப்போவார்கள். டிசைனை அவர் கண்டுகொள்ளவே மாட்டார். பெண்ணின் கழுத்தில் சங்கிலியைப் போட்டு, "குனி கண்ணு, களை புடுங்கற மாதிரி குனி" என்பார். கடை நடுவே கல்யாணப்பெண் வெட்கத்தோடு குனிவாள். நீளமாகத் தொங்கினால், "இது செடியில மாட்டுங்க, வேற காட்டுங்க" என்பார். தோட்டைப் போட்டுவிட்டு, தலைச்சுமை இறக்கும்போது சிக்குமா என்று துண்டைக் காதோரம் இழுத்துப் பார்ப்பார். பாய் சிரித்துக்கொண்டே, "ஏனுங்கம்மா, நீங்க வந்தா என் கடையே காடாயிருதுங்க" என்பார்.

மாமா மிளகு பறிக்கையில் சில்வர் ஓக் மரத்திலிருந்து விழுந்து இறந்தார். அடுத்த வருடம் என் மகளுக்குக் கல்யாணம் கூடியது. நகை எடுக்க நாள் குறித்தபோது என் நாத்தனார், "தாலி எடுக்கற எடத்துக்கு அவங்க வேண்டாமுங்க, நல்லதில்லை" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஊர் வழக்கத்தைத்தான் சொன்னார். சரி என்று தலையாட்டியது நான், பாவி. அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பஸ் ஏறினேன்.

கடையில் பாய் வாசலைப் பார்த்துக்கொண்டே, "அக்கா வரலீங்களா?" என்றார்.

"அவங்களுக்கு உடம்பு சரியில்லீங்க, காய்ச்சல்" என்றேன்.

கூசாமல் வந்தது பொய். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சங்கிலியைக் கழுத்தில் போட்டதும் யாரும் சொல்லாமலே குனிந்தாள். கண்ணாடியில் அவளுக்குப் பின்னால் அக்கா நிற்பது போலிருந்தது. அந்தச் சங்கிலியையே எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

சில மாதங்களில் அக்காவுக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்தது. விட்டு விட்டு வந்தது. சேலத்து ஆஸ்பத்திரியில் ரத்தத்தில் கோளாறு என்றார்கள். வாய் முகூர்த்தம் என்பார்களே, என் வாய்தான் பலித்துவிட்டதோ என்று இன்றும் நடுங்குகிறேன். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்றார் டாக்டர். மனசு கேட்டால்தானே! இப்போதும் யாராவது காய்ச்சல் என்று சொன்னால் எனக்கு அந்தக் கண்ணாடிதான் கண்முன் வருகிறது.

கடைசி வாரம் கால் பிடித்துவிடும்போது அடக்க முடியாமல் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அக்கா கண்ணைத் திறக்காமலே, "தெரியும் கண்ணு. மொளகை மண்டியில போடக் கீழ போனப்பவே பாய் கூப்பிட்டு, காய்ச்சல் தேவலையான்னு கேட்டாரு" என்றார்.

"நீங்க என்னங்கக்கா சொன்னீங்க?"

"தேவலைங்கன்னு சொன்னேன். உன்னைய விட்டுக்குடுக்க முடியுமா?"

அதன் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நான் கொஞ்சமாவது நிம்மதியாக இருப்பேன்.

அக்காவை ஜீப்பில் மலையிறக்கிக் கொண்டுபோன எடப்புளி நாட்டுச் சொந்தங்களுக்கும், ரத்தம் கொடுத்த பிள்ளைகளுக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்சம்மாக்களுக்கும், கஞ்சி காய்ச்சி அனுப்பிய பாய் வீட்டு அம்மாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. முறை வைத்து ஆஸ்பத்திரியில் உடனிருந்த என் நாத்தனாருக்கும் நன்றி.

பாய், இந்த மலரில் ஒன்றை உங்களுக்கு நானே கொண்டுவந்து தருவேன். மகளுக்கு நகை எடுத்த அன்று என் அக்கா நல்ல சுகத்தோடுதான் இருந்தார். கூப்பிட்டிருந்தால் எங்கள் எல்லோருக்கும் முன்னால் வந்து பஸ்ஸுக்கு நின்றிருப்பார்.